ஐந்துக்கு நான்கு

மாலை ஆறு மணியிலிருந்து சிவப்பு எச்சரிக்கை.
தெருவில் காற்றைத் தவிர யாரும் இல்லை.
சேன்-ஆந்த்ரே தண்ணீர் நிறுவனத்தின் மாடியில்
நான், ஒரு ரௌட்டர்,
பாதி தின்ற சார்டின் மீன் டப்பா.

புயலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
என் சித்தியின் பெயர். சொல்ல மாட்டேன்.

பிங் ஒன்றும் பெரிய வித்தை கிடையாது.
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
அவ்வளவுதான் பேச்சு.
கூரை நிற்கிறதா, சாப்பிட்டாயா,
எதற்கும் இடமில்லை அந்தப் பொட்டலத்தில்.
ஐந்து தடவை கேட்கும் ரௌட்டர்.
பதில் வந்தால் ஆச்சரியக்குறி,
வராவிட்டால் புள்ளி.

முதலில் என்னையே கேட்டேன்.
127.0.0.1
!!!!!
தன்னைத் தானே கூப்பிட்டு
தானே ஓ என்று குரல் கொடுப்பது.
இதில் தோற்றவரை நான் பார்த்ததில்லை.
ஆனாலும் இன்றிரவு இரண்டு முறை செய்தேன்.

ப்ரா-பனோன் நீரேற்று நிலையம்
!!!!!
மூன்று மில்லிசெகண்ட்.
கரும்பெல்லாம் படுத்துவிட்டதாம். கம்பம் மட்டும் நிற்கிறது போல.

சேன்ட்-ரோஸ்
!!.!.
ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுகிறார்.

தக்கமாக்கா
U.U.U
அங்கே போக வழியில்லை என்று
நடுவழியில் யாரோ சொல்லி அனுப்புகிறார்கள்.
அந்த யாரோவாவது இருக்கிறார்.

சலாசி மேல் நிலையம், பத்து மணி
.....
பத்தரை
.....

அங்கே காவலுக்கு ஃபிர்மேன் கனபடி.
கப்பலில் வந்தவர் கணபதிதான்;
குமாஸ்தாவின் காதில் கனபடி என்று விழுந்து
ஐந்து தலைமுறையாக அப்படியே கையெழுத்திடுகிறார்கள்.
போனை எடுத்தால் சூசூக் கொடியில் தொடங்கி
ஜெனரேட்டரில் முடிப்பார்.
மின்சாரம் போனால் அது தானாக ஓட வேண்டும்.
மே மாதத்திலிருந்து ஓடவில்லை.
மூன்று கடிதம் எழுதினார்.
மூன்றிலும் "அடுத்த நிதியாண்டு" என்று
பச்சை மையில் எழுதி மடித்து வைத்தது நான்.

எட்டரைக்குக் கைபேசிக் கோபுரம் விழுந்தது.
இப்போது அவருக்கும் எனக்கும் நடுவே
பள்ளத்தாக்கைத் தாண்டும் ஒரு ரேடியோ அலை,
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு தட்டுகள்.
பார்த்துக்கொண்டிருந்தால்.

மேல் அம்பு, என்டர்.
.....
மேல் அம்பு, என்டர்.
.....
வார்த்தையே இல்லாத வாக்கியத்துக்கு
எத்தனை முற்றுப்புள்ளி வேண்டும்?

ஒரு மணிக்கு ஜன்னல் பலகை ஒன்று பறந்தது.
மேசைக்கடியில் உட்கார்ந்து
விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டேன்.
மேல் அம்பு, என்டர்.

இரண்டு பத்துக்குப் புயலின் கண் வந்தது.
காது அடைத்ததுபோல் ஓர் அமைதி.
வாகன நிறுத்தத்தில் ஒரு தவளை
நடந்தது எதுவும் தெரியாமல் ஆரம்பித்தது.
நான் எதையும் தட்டவில்லை.
தட்டினால் தெரிந்துவிடும்.

இரண்டு பதினேழு.
மேல் அம்பு, என்டர்.
.!!!!

எண்பது சதவீதம் என்றது திரை.
முதல் புள்ளியின் காரணம் எனக்குத் தெரியும்.
நெடுநேரம் பேசாதவரை ரௌட்டர் மறந்துவிடும்.
இந்த முகவரி யாருடையது என்று
அக்கம்பக்கம் விசாரித்து வருவதற்குள்
முதல் கேள்வி கைநழுவிப் போகும்.
அதை நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
அந்த ஜெனரேட்டருக்குக் கயிறு உண்டு.
கொட்டகை முற்றத்தின் மறுகோடியில்.
சேற்றில் நடந்துபோய்,
தகரக் கதவைத் தோளால் தள்ளி,
காலை ஊன்றி இழுக்க வேண்டும்.
ஒரே இழுப்பில் அது ஒருநாளும் கிளம்பியதில்லை,
இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தார்.

கண் கடந்துபோகப் பத்து நிமிடம் இருக்கலாம்.
பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து வரும்.

மேல் அம்பு, என்டர்.
!!!!!

உள்ளே போங்கள், கனபடி.
கதவைச் சாத்துங்கள்.

இதைச் சொல்ல
இந்தப் பொட்டலத்தில் இடமில்லை.