சாக்கு எடை போக

கோயம்பேட்டில் வெங்காய மண்டி.
இருபத்திரண்டு வருஷமாய் எடை எழுதுகிறேன்.
மூட்டை ஐம்பத்தொன்றரை,
சாக்கு எடை போக ஐம்பத்தொன்று,
அழுகல் இருந்தால் இன்னும் ஒரு கிலோ தள்ளி.
தராசு சொன்னால் சரி. அதற்கு மேல்
நான் எவனிடமும் வாக்குவாதம் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன்
லாரிகளுக்கும் டீக்கடைக்கும் நடுவே
மாநகராட்சி முகாம்.
நீலத் தார்ப்பாய், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி,
தூணில் ஒட்டிய உயரக்கோல்.
லோடு இறக்கி முடித்த துளசிங்கம்
முதுகெல்லாம் வெங்காயச் சருகோடு
எனக்கு முன்னால் நின்றான்.
எண்பத்திரண்டு கிலோ.
நர்ஸ் குமுதவல்லி கால்குலேட்டரைத் தட்டினாள்.
"உங்க உயரத்துக்கு இது அதிகம்."
அட்டவணையில் சிவப்புக் கட்டம்.

எனக்கு அறுபத்து நாலு.
பச்சைக் கட்டம்.
"பாத்தியாடா?"
"கணக்குக்கு எல்லாமே கரெக்டா டேலி ஆயிடும்"
என்று சிரித்தான்.

அப்புறம்தான் அவள் டேப்பை எடுத்தாள்.
"சட்டையத் தூக்குங்க."
கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே
குளிர்ந்த நாடா ஒரு சுற்று வந்தது.
மூச்சை உள்ளிழுத்துப் பிடித்தேன்,
கல்யாண போட்டோவில் தொடங்கிய பழக்கம்.
அவளுக்கு அவசரமில்லை.
"விடுங்க சார். எவ்ளோ நேரம் புடிப்பீங்க?"
விட்டேன்.
தொண்ணூற்று நாலு.

"என் பேன்ட் சைஸ் முப்பத்து நாலும்மா!"
லேபிளைக் காட்டவும் தயாராயிருந்தேன்.
"தொப்பைக்குக் கீழ போடறீங்க சார்.
மேல என்ன இருக்குன்னு பேன்ட்டுக்குத் தெரியாது."
துளசிங்கத்துக்கு எண்பத்து மூன்று.

"எண் சாண் உடம்புன்னு சொல்றோமே,
உங்க சாணாலேயே அளந்து பாருங்க.
உயரம் எட்டுன்னா
இடுப்புச் சுத்து நாலுக்குள்ள நிக்கணும்."

அளந்தேன். நாலரை.
அரைச் சாண் எப்போது வந்து ஏறியது?
காலும் கையும் குச்சி, கன்னம் ஒட்டல்,
பார்ப்பவரெல்லாம் "சாப்பிடறீங்களா இல்லையா" என்று கேட்கிற உடம்பு;
நடுவில் மட்டும்
பதிவேட்டில் வராத சரக்கோடு ஒரு குடோன்.
மூன்று மணி பஜ்ஜி,
ராத்திரி பதினொன்றுக்குச் சால்னாவில் ஊறிய பரோட்டா,
இருபத்திரண்டு வருஷ நாற்காலி,
எல்லாம் வந்து இறங்கியிருக்கின்றன, பில் இல்லாமல்.
அவன் தோளையும் என் தொப்பையையும்
தராசு ஒரே கிலோவில்தான் சொல்லும்.
எது சாக்கு, எது சரக்கு என்று
உடம்பைப் பிரித்துக் கொட்டியா பார்க்க முடியும்?

"அப்ப நான் பிட்டு தானே மேடம்?"
துளசிங்கம் கேட்டான்.
"பிரஷர் நூத்தம்பது இருக்கு.
சுகரும் பாத்துடலாம். முட்டி வலிக்குதா?"
அவன் பதில் சொல்லவில்லை.
நாசிக் லாரி ஒன்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது,
அதையே பார்த்தான்.
முட்டிக்கு நாடாவில் கோடு கிடையாது.

அன்றைக்கு மண்டி சாத்திய பிறகு
சாக்குத் தைக்கிற சணலில்
என் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி
இரண்டாய் மடித்து வயிற்றைச் சுற்றினேன்.
முனைகள் சேரவில்லை.
நடுவே ஐந்து விரல்,
கட்டைவிரலையும் சேர்த்து.

இப்போது அது பில் புக்குக்கு அடியில் கிடக்கிறது.
டெப்போ வரை நடந்து போய் பஸ் ஏறுகிறேன்.
பஜ்ஜிக்காரர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.
பரோட்டா மட்டும், உண்மையைச் சொன்னால்,
வாரத்துக்கு இரண்டு நாள்.
போன மாதம் நாலு விரல்.
நேற்று மறுபடி ஐந்து மாதிரி இருந்தது;
மழை ஈரத்தில் சணல் சுருங்கியிருக்கும் என்றேன்,
யாரும் கேட்காமலேயே.
கல்லாவுக்குப் பின்னால் திரும்பி நின்று
இன்னொரு தடவை சுற்றினேன். நாலு!

தோளில் மூட்டையோடு தாண்டிப் போன துளசிங்கம்
நிற்காமலே சொன்னான்:
"மூச்ச விட்டுட்டு அளங்க, கணக்கு."