ஏழாம் தீர்மானம்

குடிதண்ணீர், தெருவிளக்கு, வீட்டு வரி.
கிராமசபையில் ஆறு தீர்மானம்
மளமளவென்று எழுதிவிட்டேன்.
ஏழாவதுக்குப் பேனா நின்றது.

"சுடுகாட்டுக்குப் பாதை. எழுதுங்க சார்"
என்றாள் பூமயில்.

பாதைக்குக் குறுக்கே கோயில் சுவர்.
சுவரில் கல்லெழுத்து:
உபயம் மு.கரு. வெள்ளையப்பன், நியூஜெர்சி.

அங்கே நகரசபையில் அவர் பேசிய வீடியோ
போன வாரம் எல்லார் போனுக்கும் வந்தது.
எங்கள் கோயிலுக்கு அனுமதி மறுப்பது அநீதி,
சட்டத்தின் முன் எல்லாரும் சமம்.
மூன்று நிமிடம். கைதட்டல்.

"நல்லாத்தான் பேசுறாரு" என்றாள்.
"அந்த மைக்க இங்கிட்டும்
மூணு நிமிசம் தரச் சொல்லுங்க."

சிரித்தவர்கள்
தலைவர் முகம் பார்த்து நிறுத்தினார்கள்.

'பரிசீலிக்கப்படும்' எழுதியே பழகிய கை
அன்றைக்கு எழுதியது:
ஐப்பசி மழையில் இவள் அப்பனை
இடுப்பளவு கண்மாய்த் தண்ணீரில்
தூக்கிப் போனார்கள்.

தீர்மானத்தில் இப்படி எழுதக்கூடாதாம்.
தேவகோட்டையிலிருந்து
சிவப்பு மையில் அடித்து வந்திருக்கிறது.

அடித்தும் வாசிக்க முடிகிறது,
இடுப்பளவு.