முதல் பால்

சுழல்பொறி நின்றது. மூடியைத் திறந்தேன்.
ஐந்து குழாய்களில்
சிவப்புக்கு மேலே தெளிந்த மஞ்சள்.
ஆறாவதில் மட்டும்
தேங்காய் துருவிப் பிழிந்த முதல் பால்.

சீட்டைத் திருப்பினேன்:
தோக்கிலூபே, வயது முப்பத்தொன்று, முப்பத்தேழாவது வாரம்.
காலையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள்.
ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் என்று
சத்தியம் செய்தாள்.
எந்திரம் நம்பவில்லை. கலங்கல், கலங்கல் என்று கத்தியது.
நீர்த்துப் போட்டதில் வந்த எண்ணை
நானும் நம்பவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
"சாப்பிட்டு வந்திருக்கலாம்."

சர்க்கரையைத்தான் எல்லோரும் விசாரிப்பார்கள்.
கொழுப்பு சத்தமில்லாமல்
பின்வாசல் வழியாகப் போகும்.
கொடியின் அந்தப் பக்கம் ஒருவன்
வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான்,
கன்னத்தில், தொடை மடிப்பில்,
தோளில்.

புதன்கிழமை தலை வந்துவிட்டது.
தோள் வரவில்லை.
"ஒரு நிமிஷம் நாற்பது விநாடி,"
மருத்துவச்சி ஃபூசிப்பாலா பிறகு சொன்னாள்,
"அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வேறெங்காவது மாட்டுங்கள்."

ஐந்து கிலோ நூறு!

நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போன புருஷன்
ஏணி மேலிருந்து கைபேசியில் கேட்கிறான்: எத்தனை?
ஐந்து!
மரத்துக்கு மரம் தாவுகிறது செய்தி,
யாரோ விசிலடிக்கிறார்கள்.
வார்டில் அத்தைமார் கீர்த்தனை எடுத்தாயிற்று.
எங்கள் தீவில் கனமாகப் பிறப்பதும்
கனம் பெறுவதும் வேறு வேறல்ல.

என்னிடம் வந்ததோ
குதிகாலிலிருந்து ஒரு சொட்டு.
ஒன்று புள்ளி எட்டு.

கப்பல் இனி வராது என்று
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.
இத்தனை மாதப் பழக்கத்தில்
துறைமுகத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறான்.
இறக்கச் சரக்கில்லை.
வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பாமல்
வீட்டுக் கிழங்கையே தூக்கிப் போகிறார்கள்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்.
ஓடினேன்.
பெரிய உடம்பு, சின்ன நடுக்கம்.
எண்ணைச் சொன்னதும் பாட்டு பாதியில் நின்றது.
தோக்கிலூபே கரண்டியில் பிழிந்தாள்:
மஞ்சளாய், கெட்டியாய், நாலே சொட்டு.
"இவ்வளவு பெரியவனுக்கு
இவ்வளவுதானா?"
ஃபூசிப்பாலா பதில் சொல்லவில்லை,
கரண்டியை அவன் உதட்டில் சாய்த்தாள்.
பிறகு மார்பு. பிறகு மறுபடி கரண்டி.

அரை மணி கழித்து இரண்டு புள்ளி ஒன்பது.
போதாது. ஆனாலும் மேல்நோக்கி.

விடிவதற்கு முன் குளிர்பெட்டியைத் திறந்தேன்.
மாதிரிகளை ஏழு நாள் வைப்பது விதி,
இன்று ஆறு.
சாப்பிட்டு வந்த ரத்தமென்றால்
ஒரே ராத்திரியில் மேலே ஏடு கட்டியிருக்கும்.
விளக்கில் சாய்த்துப் பார்த்தேன்.
ஏடு இல்லை.
அடிவரை அதே வெண்மை, அதே கலங்கல்.

சொன்னபடி வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கிறாள்.

பதிவேட்டைத் தேடி எடுத்து
அந்த வரியை அடித்தேன்.
பேனா தாளைக் கிழித்துவிட்டது.