மேல்வரிசையில் இரண்டு

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைச் சந்தில்
மாடி ஏறினால் என் லேப்.
முழு செட், அரை செட்,
கேரம்போர்டுச் சண்டையில் போன ஒற்றைப் பல்,
எல்லாம் கட்டுவேன்.
யார் வாய் என்று கேட்பதில்லை.
பிளாஸ்டரில் எல்லாரும் ஒரே வெள்ளை.

செவ்வாய்க்கிழமை குணாளன் வந்தார், ஃபாரஸ்ட் ஆபீஸ்.
கையில் காசிமேட்டு ஐஸ் பெட்டி.
வஞ்சிரமா சார் என்றேன்.
மூடியைத் திறந்தார்.

கரடித் தலை. எலும்பு மட்டும்.
துறைமுகத்தில் பிடித்த கன்டெய்னராம்.
புளியங்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே
நகம் நாற்பது,
காய்ந்த அத்திப்பழம் போலச் சுருங்கிய
பித்தப்பை ஆறு,
இது ஒன்று.
கேஸ் முடிந்துவிட்டது,
பள்ளிக்கூடங்களில் காட்ட ஒரு நகல் வேண்டும்,
பில் போட்டுக் கொடும்மா என்றார்.

அச்சு எடுத்தேன்.
மேல்வரிசை முன்பக்கம் நடுவில் இரண்டு இல்லை.
என் கட்டைவிரல் தானாக அங்கே போய் நின்றது.
அடித்த பாவி உடைத்திருக்கிறான்.

ராத்திரி கரண்ட் போய் வந்தபின்
ஷேடு பார்த்து, கொஞ்சம் மஞ்சள் கூட்டி
மெழுகில் இரண்டு பல் செதுக்கி வைத்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
நாய் மாதிரி இருந்தது.

போட்டோ போன அடுத்த நிமிஷம்
டாக்டர் ஹசீனா போன்:
எடுங்க பிலோமினா, எடுங்க,
அங்க பல்லே கிடையாது.

விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன்.
குழி இல்லை. வழவழவென்று எலும்பு.
குழி இருந்தால்தானே பல் இருந்தது?
இருபத்திரண்டு வருஷத் தொழில்,
ஆறுதல் சொல்லும் அவசரத்தில்
அதைப் பார்க்க மறந்தேன்.

போனிலேயே சொன்னார் மீதியை.
முதல் கரடி நாய் உயரம்கூட இல்லையாம்.
அதன் வம்சத்தில் ஒன்று பனிக்குப் போனது.
ஒன்று மூங்கிலுக்குப் போய்
மணிக்கட்டு எலும்பில் கட்டைவிரல் செய்துகொண்டது.
நம்முடையது புற்றுக்குப் போனது.
மண்ணை ஊதித் தள்ளி,
மூக்கை மூடிக்கொண்டு,
உதட்டைக் குழாயாக்கி,
அந்த இரண்டு பல் விட்ட வழியில்
கரையானை உறிஞ்சுமாம்.
நூறு கஜம் தள்ளிக் கேட்குமாம் சத்தம்.

ஒரு பல்லை விட்டுக்கொடுக்க
எத்தனை லட்சம் வருஷம்!
என்னிடம் வருகிறவர்களுக்கு
ஒரு குத்து போதும்.

போன கரடிகளையும் கேட்டேன்.
குகைக்குள் தூங்கித் தழை தின்ற ஒன்று.
நிமிர்ந்து நின்றால்
தரையில் இறக்கிய கன்டெய்னர்மேல்
மோவாய் வைக்கிற உயரத்தில் இன்னொன்று.
அதற்கெல்லாம் பல் இருக்கா டாக்டர்?
வரிசையா இருக்கு, மியூசியத்துல.
வாய்தான் இல்ல.

மெழுகுப் பல் இரண்டையும் நெம்பி எடுத்து
உருக்கும் கிண்ணத்தில் போட்டேன்.
நாளைக்கு அது
தண்டையார்பேட்டைச் சம்பந்தி ஒருவருக்குக் கடைவாய்.

குணாளன் வாங்க வந்தபோது கேட்டேன்:
நகக் கணக்கில் இரண்டு கரடி சார்,
பித்தக் கணக்கில் ஆறு,
தலைக் கணக்கில் ஒன்று.
மிச்சம் எங்கே?
ஃபாரத்தைப் புரட்டினார்.
அதற்கு அதில் கட்டம் இல்லை.
ஐஸ் பெட்டியை மூடி,
ரொம்ப நேரம் வெயிலைப் பார்த்துவிட்டு,
ரசீது கேட்டார்.

நகல் ஒன்று.
பல் கட்டிய கூலி இல்லை.

கொருக்குப்பேட்டை கேட் அன்றைக்கும் மூடியிருந்தது.
கூடூர்ப் பக்கம் போகும் கூட்ஸ்,
அறுபது பெட்டி எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.
அந்தத் தண்டவாளம் போகிற திக்கில்
எங்கோ மலை இருக்கிறது,
மலையில் புற்று இருக்கும்.

வீட்டு நிலைக்கட்டையில் வருஷா வருஷம் கரையான்.
மண்ணெண்ணெய்த் துணியோடு குந்தி
காதை வைத்தேன்.
உள்ளே பொடிப்பொடியாய் ஏதோ நடந்துகொண்டிருந்தது.
நாக்கு தானாக
என் மேல்வரிசையைத் தடவிப் பார்த்தது.
எல்லாம் இருக்கிறது.
இதை வைத்துக்கொண்டு
ஒரு கரையானைக்கூட உறிஞ்ச முடியாது.