நான்கு விநாடி

மல்காஸின் மண்டையோட்டில்
ஒரு சிறு சன்னல் திறந்திருந்தது.
வெளியே குட்டாயிசி நகரத்தில் பிப்ரவரி மழை.
பாலத்துக்குக் கீழே ரியோனி ஆறு
சேற்று நிறத்தில் இரைந்துகொண்டு போனது.
அவர் விழித்திருந்தார்.
மூளைக்கு வலி தெரியாது என்று
முதல்நாளே சொல்லியிருந்தோம்.
"ஊர் வலியெல்லாம் தெரிகிறது,
தன் வலி தெரியாதாக்கும்" என்று சிரித்தார்.

திரையைப் பார்ப்பது என் வேலை.
அலை எழும், விழும்,
நேரம் குறிப்பேன்.
பதினோரு வருடமாக
மனிதர்களை எனக்குக் கோடுகளாகத்தான் பழக்கம்.

பேச்சு பிறக்கும் இடத்திலிருந்து
நகக்கண் தூரத்தில் கட்டி.
பாடட்டும், எது குரல் எது கட்டி என்று
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்
என்றார் டாக்டர் எலிசோ.
தனியாகப் பாட வராது என்றார் மல்காஸ்.
தேவாலயத்தில் முப்பது வருடம் அவர் அடிக்குரல்.
ஒற்றைத் தூணை நட்டுவிட்டு
வீடு என்று சொல்ல முடியுமா?

ஆகவே அறுவை அறையின் மூலையில்
பச்சை அங்கியும் முகமூடியுமாக
மேல்குரல் அம்புரோசி,
நடுக்குரல் ஷால்வா.
ஷால்வாவுக்கு ரொட்டிக்கடை.
கை கழுவச் சொன்னதும்
மாவு போகக் கழுவுகிறவர் போல
முழங்கை வரை தேய்த்தார்.

மூன்று குரலும் எழுந்தன.
எங்கள் விளக்குகளுக்கும் கத்திரிகளுக்கும் மேலே
ஒரு கூரை வந்து நின்றது.

பதினொன்று பதினேழுக்கு
எலிசோ மின்முனையால் தொட்டார்.
மூன்று மில்லியாம்பியர்.
அடிக்குரல் நின்றது.
வாய் திறந்தபடி,
கண் திறந்தபடி,
நான்கு விநாடி.
முனையை எடுத்தார்.
குரல் திரும்பி வந்தது,
விட்ட இடத்துக்கு அல்ல,
அதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்துக்கு.

எலிசோ அங்கே
ஏழு என்று எழுதிய காகிதத் துணுக்கை வைத்தார்.

மூன்றாம் நாள்
கட்டுப் போட்ட தலையோடு கஞ்சி குடித்துக்கொண்டே
மல்காஸ் சொன்னார்:
நான் எங்கே நிறுத்தினேன்?
மூன்றும் கேட்டுக்கொண்டுதானே இருந்தது.

மூளை ஒரு அவசரக் குமாஸ்தா, என்றார் எலிசோ.
அடுத்த சுரம் வருமுன்பே வரவு வைத்துவிடும்.
நீங்கள் கேட்டது கணக்கை, பாட்டை அல்ல.

ஆரஞ்சுப் பையோடு வந்திருந்த
பாதிரியார் பெசாரியோன் குறுக்கிட்டார்:
அந்தக் குரல் என்றைக்கு இவனுடையதாக இருந்தது?
இவன் வாயில் அது குடியிருந்தது.
நீங்கள் வாசல் கதவைத்தான் சாத்தினீர்கள், அம்மா.

மல்காஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.
டாக்டரிடம் கேட்டார்:
கணக்கு சரி, அதை வாசித்தது யார்?
பாதிரியாரிடம் கேட்டார்:
குடியிருப்பவர் உள்ளேயே இருந்தால்
கதவு சாத்தியது
அவருக்கு ஏன் தெரியாமல் போனது?

இருவரும்
ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார்கள்.

தாழ்வாரத்தில் ஷால்வாவைப் பிடித்தேன்.
"நிறுத்தினானா? எப்போது?" என்றார்.
அவருடைய மூளையை யாரும் தொடவில்லை.

பதிவைப் போட்டுக் காட்டினேன்.
இரண்டு குரல்,
நடுவே உறிஞ்சுகுழாயின் இரைச்சல்.
சந்தேகத்துக்கு இடமே இல்லை.
தலையைச் சாய்த்து
இரண்டு முறை கேட்டார்.
"இதில் சரியாக விழவில்லை" என்று சொல்லிவிட்டு
கடை திறக்கப் போனார்.

படிவம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது.
ஒலி நின்றதா? ஆம்.
எவ்வளவு நேரம்? நான்கு விநாடி.
நேரில் இருந்தவர் கையொப்பம்.

நானும் அங்கேதான் இருந்தேன்,
அவர்களிடமிருந்து எட்டடி தள்ளி.
உனக்கு என்ன கேட்டது என்று
இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லத் தெரியாது.
நான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.