இரவொன்றுக்கு ஐந்நூறு

முப்பத்தோராயிரம் யூரோ.
குளிர்பெட்டிக் கதவில், வாழைப்பழக் காந்தத்தின் அடியில்
மூன்று வாரமாகத் தொங்குகிறது தாள்.
படுக்கை, இரட்டை அடுப்பு, அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி,
கூரையில் சூரியத் தகடு.
லட்சத்துப் பதினாறாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி.
அத்தனையும் இந்தத் தீவைச் சுற்றியே ஓடியிருக்கும்.
சுற்ற வேறென்ன இருக்கிறது
ரெயூனியனில்?

நான் மஞ்சள் பேருந்து ஓட்டுகிறவன்.
சேன்-பெனுவாவில் ஏற்றி, சேன்-தெனியில் இறக்கி,
மறுபடி ஏற்றி, இருபத்திரண்டு வருடம்.
போகும்போது கடல் வலக்கையில்,
வரும்போது இடக்கையில்.
நில்லாமல் ஓட்டினால் அரை நாளில்
புறப்பட்ட இடத்தின் முதுகைத் தொட்டுவிடலாம்.
இந்த ஊரில் வீட்டையும் சுமந்துகொண்டு அலைய
நாம் என்ன நத்தையா என்றேன்.

நத்தைக்கு
மாடியில் கொழுந்தன் குடும்பம் கிடையாது என்றாள்
ஜிஸ்லேன்.

பிறகு கணக்கு.
கடன் தவணை, காப்பீடு, டயர்,
இரண்டு வருடத்துக்கொரு தகுதிச் சோதனை,
உப்புக் காற்று தின்கிற தகரம்:
சுருக்கிப் பார்த்தாலும் வருடம் ஆறாயிரம்.
எழுபது இரவு வெளியே படுப்போம் என்றாள்.
எண்பத்தாறு யூரோ, ஓர் இரவுக்கு.
நான் என்னை அறிவேன். பன்னிரண்டு என்று போட்டேன்.
ஐந்நூறு.
ஐந்நூறுக்கு மேற்குக் கரை ஓட்டலில்
தலையணைமேல் சாக்லேட் வைப்பார்கள்.
நாளைக்கே விற்றாலும் பாதி வரும் என்றாள்.
புயல் சிவப்பு எச்சரிக்கை வந்தால் எங்கே நிறுத்துவாய் என்றேன்.
கொழுந்தன் கார் நிற்கும் இடத்தில், என்றாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
பதில் இருந்தது, மாடிக்குக் கேட்டுவிடும்.

வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம் என்று முடிந்தது.
லுடோவிக் மர்தயேவின் வண்டி,
நாளுக்குத் தொண்ணூற்றைந்து.
சேன்-ஆந்த்ரேயிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை,
சேந்த்-ரோஸ் தாண்டி,
எரிமலைக் குழம்பு கடலுக்கு வந்து உறைந்த கறுப்பில்
ஓர் ஓரமாய் நிறுத்தினோம்.
உடனே மழை. கிழக்குக் கரை மழைக்கு
நேரம் காலம் தெரியாது.
தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில்
பக்கத்தில் படுத்தவள் சொன்னது கேட்கவில்லை.
என்ன என்றேன்.
தூங்கிவிட்டிருந்தாள்.

எட்டரை மணி.
அறுநூறு பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு கழுவிவிட்டு வந்து
மாடியில் பந்து உருட்டுகிற சத்தம் அடங்கும்வரை
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள்,
எட்டரைக்கு.
குறட்டைகூட விட்டாள்.
நான் விழித்திருந்தேன். என் கால் கதவில் இடித்தது,
கழுத்து வலித்தது, மூத்திரம் முட்டியது,
இறங்கினால் நனைவேன்.
ஐந்நூறு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
எண்பத்தாறு என்றும்.

விடியலில் மழை விட்டது.
தூரத்தில் ஒரு மஞ்சள் பேருந்து,
விளக்கெரிய, கறுப்புப் பாறைகளுக்கு நடுவே,
யாரோ ஓட்டிப்போனார்கள்.
இருபத்திரண்டு வருடத்தில்
அதை வெளியிலிருந்து நான் பார்த்ததில்லை.
அழகாகத்தான் இருந்தது.
கை உயர்த்தினேன், ஓட்டுநர் பார்க்கவில்லை.
எனக்குத் தெரியும், அந்த வளைவில் யாரும் பார்க்க முடியாது.

ஞாயிறு சாயங்காலம் சாவியைக் கொடுத்தோம்.
வரும் வழியில் கேட்டேன். வேண்டாம், என்றாள்,
நீ சொல்கிற கணக்குதான் சரி.
வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து
நாலாக மடித்து இழுப்பறையில் போட்டாள்.
கிழிக்கவில்லை.

நேற்று லுடோவிக் கூப்பிட்டான்.
உங்கள் மர்மிட் சட்டி என் வண்டியிலேயே கிடக்கிறது,
கட்டிலுக்கு அடியில், துணியில் சுற்றி.

அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த சட்டி.
மாமியார் செத்த வீட்டுக்குச் சமைக்கப் போனபோதும்
எண்ணி எடுத்துவந்தாள், மூடியோடு.

வெள்ளிக்கிழமை வண்டி சும்மாதான் நிற்கிறது என்றான்,
வந்து எடுத்துக்கொள்கிறீர்களா?
எதை என்று
நான் கேட்கவில்லை.