கேட்டது, கடத்தியது

ஜவளகிரி தாண்டி, காடு வேலியைத் தொடுமிடத்தில்
திம்மராயனின் கொல்லை.
அதற்கு மேலே மேட்டில் கெம்பம்மா.
அதற்கும் மேலே ரோஜாவுக்குக் கூடாரம் போட்டிருக்கும் சவரியப்பன்.
அவருக்கு மட்டும்தான் டவர் தெரியும்.

மூன்று மூங்கில். மூன்று பெட்டி.
உள்ளங்கை அகலம் சூரியத் தகடு.
பேட்டரி மாற்றுவதும் பதிவேட்டை இறக்குவதும் என் வேலை,
மாதம் பதினாலாயிரம், பெட்ரோல் தனி.

யானை வந்தால் திம்மராயன் பெட்டி சொல்லும்.
கெம்பம்மா பெட்டி கேட்டு மேலே அனுப்பும்.
சவரியப்பன் பெட்டி ரேஞ்சர் ஆபீசுக்கு.
ஒரே நொடியில் இரண்டு பெட்டி வாய் திறந்தால்
இரண்டு சொல்லும் மோதிச் சாகும்.
இருப்பது ஒரு காற்று, அதற்குப் பாகப்பத்திரம் கிடையாது.
ரோஜாவின் சூட்டை ஐந்து நிமிடத்துக்கொருமுறை
ஒப்பித்துக்கொண்டிருந்தார் சவரியப்பன்;
ராத்திரியில் அரைமணிக்கு ஒன்று போதும் என்று இறங்கி வந்தார்,
"ஆனை வந்தா என் போனுக்குத்தான் மொதல்ல" என்ற பேரத்தில்.

கார்த்திகை முதல் வாரம் பதிவேட்டில்
கெம்பம்மா பெட்டி:
கேட்டது இருநூற்றுப் பன்னிரண்டு.
கடத்தியது பூஜ்யம்.

பெட்டிக்கடியில் ஒரு சுவிட்ச் உண்டு,
எல்லாம் அல்லது தன்னது மட்டும்.
சோதனைக்கு வைத்தது. ஒருநாள் நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

"எனக்குக் கேக்குதில்ல, சங்கு ஊதுதில்ல," என்றார்.
"மூட்டமா கெடக்கு. அவன் சேதியத் தூக்கித் தூக்கி
நாலு மணிக்கெல்லாம் என் பேட்டரி செத்துப்போவுது.
நான் என்னா அவனுக்குக் கூலியாளா?"

மறுத்துப் பேச வாயில்லை.
நான் படித்த கணக்கும் அவர் பக்கம்.
பக்கத்துக் கொல்லைக்காரர் என்ன செய்தாலும்
சும்மா இருப்பவருக்கு அன்றிரவு லாபம்.
எல்லோரும் சும்மா இருந்தால்
விடியும்போது எல்லாக் கொல்லையிலும்
உரல் அகலத்துக்குக் குழி.

மென்பொருளில் ஒரு விதி சேர்த்தேன்:
நீ கடத்தாவிட்டால் உனக்கும் கடத்தமாட்டார்கள்.
ஆனால் இரண்டு இரவு பொறுக்க வேண்டும்.
மழையிலும் சேதி தொலையும்,
தொலைந்ததெல்லாம் துரோகமில்லை.

மூன்றாம் இரவு கெம்பம்மாவின் சங்கு ஊதவில்லை.
காலையில் ஆறு வரிசை ராகி கட்டாந்தரை.
ஒரு வார்த்தை பேசாமல் சுவிட்சைத் திருப்பிப் போட்டார்.
விதி வேலை செய்தது.
அந்த ஆறு வரிசையை யார் பேரில் எழுதுவது என்று
பதிவேட்டில் கட்டம் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.
கடைசி இரவு எது என்று தெரிந்துவிட்டால்
அன்று யாரும் யாருக்கும் கடத்தமாட்டார்.
அது தெரிந்தால் அதற்கு முந்தின இரவும்.
அதற்கு முந்தினதும்.
ஒரு நூலை இழுத்த சாக்குப்பை மாதிரி
பிரிந்துகொண்டே வந்து
நான் மூங்கில் நட்ட நாளில் நிற்கும்.

மார்கழியில் முதலில் அறுத்தது கெம்பம்மா.
கதிர் களத்துக்குப் போயாயிற்று.
திம்மராயனுடையது இன்னும் பால் பிடிக்கிறது.
பெட்டியைக் கழற்றச் சொல்வார் என்று
ஸ்பானரோடு ஏறினேன்.

தாளுக்கு நடுவே, இருட்டில் மறந்துபோயிருந்த ஒன்று:
ஆறு வரிசைக்கு ஒரு வரிசை அவரை,
இப்போதுதான் பூவெடுத்து.

"கழட்டவா?"
"அவர இருக்குதில்ல."
"அது முடிஞ்சா?"
"ஆமணக்கு."
"அதை ஆனை தின்னாதே."
"மிதிக்குமே."
கொஞ்சம் யோசித்து, வரப்போரத்து மரத்தைக் காட்டினார்:
"அதுக்குள்ள பலா பழுத்துரும்."

ஸ்பானரைப் பைக்குள் போட்டேன்.
அன்றைய பதிவேட்டில்
கேட்டது தொண்ணூற்றாறு.
கடத்தியது தொண்ணூற்றொன்று.
மீதி ஐந்துக்கு எதிரே
பனி என்று எழுதிக்கொண்டேன்.